மேர்க்ளின் பெட்டிக்குச் சக்கரம் மாற்றுவது எப்படி?

எங்கள் புளோக்கில் குடியிருந்த பெரியவர் ஒருவர் வீடு மாறிப் போகும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் ரயில்னா உயிராச்சே தம்பி, நீயே வச்சுக்கோ" என்றார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மாதிரி ரயில் பெட்டிகள். மேர்க்ளின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் சரக்குப் பெட்டிகள், நாலைந்து பயணிகள் பெட்டிகள். அன்று இரவே ஒன்றைத் துடைத்து, படுக்கையறையில் நான் பலகையில் வைத்திருக்கும் தண்டவாளத்தில் வைத்தேன். அது மேர்க்ளின் தண்டவாளம் அல்ல, இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் வரும் இரட்டைத் தண்டவாளம். வைத்த உடனே ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியை எடுத்தால் எஞ்சின் ஓடுகிறது, வைத்தால் நிற்கிறது.

காரணம் சக்கரம்தான். அதை மாற்ற ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் எதை அளக்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரியாமல் செய்தால் அதே சிவப்பு விளக்கு மறுபடி வரும்.

அகலம் ஒன்றுதானே, ஏன் ஓடவில்லை?

எச்0 அளவு மாதிரி ரயில்கள் அசலில் 87-இல் ஒரு பங்கு. சிங்கப்பூரில் நாம் தினமும் ஏறும் எம்ஆர்டி ரயில் தண்டவாளத்தின் அகலம் 1435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வரும். மேர்க்ளினுக்கும் அதே 16.5, மற்ற நிறுவனங்களின் இரட்டைத் தண்டவாளத்துக்கும் அதே 16.5. (இங்கே தஞ்சோங் பகார் நிலையத்துக்கு 2011 ஜூன் 30 வரை வந்துபோன மலாயா ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1000 மி.மீ. அதைச் சரியான அகலத்தில் செய்ய நினைப்பவர்களுக்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும். அதற்குச் சக்கரம் மாற்றினால் மட்டும் போதாது.)

வித்தியாசம் மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது. மேர்க்ளின் தண்டவாளத்தை உற்றுப் பாருங்கள், நடுவில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். எஞ்சின் அடியில் உள்ள நீளமான ஸ்லைடர் அந்தப் புள்ளிகளில் உரசி மின்சாரத்தை எடுக்கிறது. இரண்டு ஓரத் தண்டவாளங்களும் சேர்ந்து திரும்பும் வழி. அதனால் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒட்டிய ஒரே உலோகமாக இருந்தாலும் அங்கே பாதகமில்லை. இரட்டைத் தண்டவாளத்தில் அப்படி இல்லை. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். முழு உலோகச் சக்கரத்தை அதன்மேல் வைத்தால் ஒரு கம்பியால் இரண்டையும் இணைத்த மாதிரி. ஷார்ட் ஆகத்தான் செய்யும்.

இரண்டாவது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? மேர்க்ளினில் சுமார் 14 மி.மீ. இரட்டைத் தண்டவாளத்தில் சுமார் 14.4 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். நேர்ப்பாதையில் எதுவும் தெரியாது. தடம் பிரியும் பாயின்ட்டுக்கு வந்ததும், சக்கரத்தை வழிநடத்தும் உள் தண்டவாளத் துண்டுகளில் அது மாட்டிக்கொண்டு எகிறிக் குதிக்கும். மேர்க்ளின் சக்கரத்தின் விளிம்பு கொஞ்சம் ஆழமாகவும் இருக்கும். 1.9 மி.மீ. உயரமே உள்ள கோட் 75 போன்ற தாழ்வான தண்டவாளத்தில் அந்த விளிம்பு கட்டைகளின் மேல் உள்ள பிடிகளில் தட்டித் தடதடவென்று ஓடும்.

தேவையானவை

டிஜிட்டல் காலிப்பர், 'பீப்' ஒலி வரும் மல்டிமீட்டர், மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர், பஞ்சுக் குச்சி, ஐசோப்ரோப்பில் ஆல்கஹால். காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கண் மதிப்பு இங்கே உதவாது.

படி 1: பழைய சக்கரத்தை அளந்து எழுதி வையுங்கள்

பெட்டியைத் தலைகீழாக ஒரு துண்டின் மேல் வையுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மறுமுனையை வலது சக்கரத்திலும் தொடுங்கள். பீப் வந்தால் இரண்டு சக்கரமும் ஒரே மின்பாதை, மாற்ற வேண்டும். வராவிட்டால் முன்பு வைத்திருந்தவர் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். அப்போது 14.4 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் அச்சைக் கழற்றுங்கள். அச்சின் இரு முனைகளும் கூம்பு மாதிரி கூராக இருக்கும், பக்கச் சட்டத்தில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கச் சட்டத்தைக் கட்டைவிரலால் மெதுவாக வெளியே தள்ளினால் அச்சு தானாக விழும். பழைய பிளாஸ்டிக் உடையக்கூடியது, அவசரப்பட வேண்டாம். உலோகச் சட்டத்தைத் தேவைக்கு மேல் வளைக்காதீர்கள், அது பழைய இடத்துக்குத் திரும்பாது. முனை கூராக இல்லாத மிகப் பழைய தகரப் பெட்டி கையில் கிடைத்தால் அதை ஒதுக்கி வையுங்கள். முதல் முயற்சிக்கு அது ஏற்றதல்ல.

இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, தண்டவாளத்தில் உருளும் இடத்தில் சக்கரத்தின் விட்டம். விளிம்பைச் சேர்க்கக் கூடாது. ஐரோப்பியப் பெட்டிகளில் பெரும்பாலும் 11 மி.மீ. இருக்கும். இரண்டு, அச்சின் முழு நீளம், முனையிலிருந்து முனை வரை. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அரை மில்லிமீட்டர் நீளம் கூடினால் அச்சு இறுகிச் சுற்றாது, குறைந்தால் கீழே நழுவி விழும். பெட்டியின் பெயரையும் இரண்டு அளவுகளையும் எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

படி 2: சரியான சக்கரம் வாங்குவது

கேட்க வேண்டியது 'இரட்டைத் தண்டவாள டிசி சக்கர செட்'. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் காப்பு (மின்சாரம் கடக்காத தடுப்பு) உள்ளது ஒன்று, இரண்டு சக்கரங்களுக்கும் காப்பு உள்ளது மற்றொன்று. உங்கள் பெட்டியின் அடிச்சட்டம் உலோகம் என்றால் கொஞ்சம் விலை கூடினாலும் இரண்டாவது வகையையே வாங்குங்கள்.

இதை நான் நேரிடையாக அனுபவித்தேன். முதல் முறை ஒருபக்கக் காப்புச் சக்கரங்களை உலோக அடிச்சட்டத்தில் மாட்டினேன். ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாகச் சோதித்தேன், பீப் இல்லை. தண்டவாளத்தில் வைத்தால் மறுபடி ஷார்ட். இரண்டு மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகுதான் விளங்கியது. ஒருபக்கக் காப்பு என்றால், காப்பில்லாத சக்கரமும் அச்சும் ஒரே மின்பாதை. அந்த அச்சு உலோகச் சட்டத்தைத் தொடுகிறது. முன் அச்சில் காப்பு இடப்பக்கம், பின் அச்சில் வலப்பக்கம் என்று நான் மாற்றி மாட்டியிருந்தேன். முன் அச்சு வலது தண்டவாளத்தைச் சட்டத்தோடு சேர்த்தது, பின் அச்சு இடது தண்டவாளத்தைச் சேர்த்தது. சட்டமே கம்பியாகிவிட்டது.

ஒரே பெட்டியில் எல்லாக் காப்பையும் ஒரே பக்கமாக வைத்தால் இது தீரும். ஆனால் அப்படிச் செய்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, உலோகக் கொக்கியால் இணைத்தால் அதே ஷார்ட் கொக்கி வழியாக வரும். இருபக்கக் காப்பு என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் சட்டத்துக்கு எந்த வகையும் சரி.

படி 3: மாட்டுவது

குழிகளில் படிந்திருக்கும் பழைய எண்ணெயையும் தூசியையும் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் எடுங்கள். புது அச்சின் ஒரு முனையைக் குழியில் வைத்து, மறுபக்கச் சட்டத்தை லேசாக விரித்து உள்ளே விடுங்கள். விரலால் சுண்டினால் சில விநாடிகள் தாராளமாகச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருப்பது நல்லது. பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

விளக்கு எரியும் பயணிகள் பெட்டி என்றால் அடியில் ஸ்லைடர் இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். பாயின்ட்டில் அது இரண்டு துருவங்களையும் தொட்டுவிடும். விளக்கை மறுபடி எரியவைப்பது தனி வேலை, இப்போது வேண்டாம்.

படி 4: 14.4 மி.மீ. இடைவெளியைச் சரிபார்ப்பது

புதுச் சக்கரம்தானே என்று நம்பிவிடாதீர்கள், எல்லா அச்சையும் அளந்து பாருங்கள். காலிப்பரின் உள் அளவுத் தாடைகளைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறாக வந்தால் சக்கரம் கோணலாக இருக்கிறது. சரிசெய்ய, இரு கைகளாலும் இரு சக்கரங்களையும் பிடித்து, எதிரெதிராகத் திருகிக்கொண்டே இழுங்கள் அல்லது அழுத்துங்கள். திருகாமல் நேராக இழுத்தால் சடாரென்று அதிகமாக நகர்ந்துவிடும். இரண்டு சக்கரமும் அச்சின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும்.

படி 5: சோதனை

எல்லா இடச் சக்கரங்களையும் எல்லா வலச் சக்கரங்களோடும் மாற்றி மாற்றித் தொட்டுப் பாருங்கள். முன் இடது, பின் வலது என்று குறுக்காகவும் பார்க்க வேண்டும். நான் விட்டது அதைத்தான். எங்கேயும் பீப் வராவிட்டால் தண்டவாளத்தில் வைக்கலாம். பாயின்ட் வழியாகக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள், முன்னும் பின்னும், நேராகவும் கிளையிலும். பிறகு பக்கத்துப் பெட்டியோடு கொக்கி உயரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விட்டம் சரியாக வாங்கியிருந்தால் ஒத்துப்போகும்.

எஞ்சினை என்ன செய்வது?

பழைய மேர்க்ளின் எஞ்சினில் கை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சக்கரத்தின் பின்புறத்திலேயே பல்சக்கரம் சேர்ந்திருக்கும், மோட்டாரின் மின்பாதையும் உடலின் உலோகம் வழியாகத்தான் திரும்புகிறது. காப்புச் சக்கரம் போட்டால் அந்தப் பாதையையே புதிதாக அமைக்க வேண்டும். உங்கள் இரட்டைத் தண்டவாள எஞ்சினை மேர்க்ளினின் பழைய ஏசி டிரான்ஸ்பார்மரில் இணைத்துப் பார்க்கவும் வேண்டாம், டிசி மோட்டார் கெட்டுவிடும்.

கழற்றிய சக்கரங்களைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் எஃகு அச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். மெல்லிய எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிப் பையில் போட்டு, எந்தப் பெட்டியினுடையது என்று மேலே எழுதி வையுங்கள். மேர்க்ளின் தண்டவாளம் வைத்திருப்பவர் யாராவது பின்னால் அந்தப் பெட்டியைக் கேட்டால், பத்து நிமிடத்தில் பழையபடி மாட்டிக் கொடுத்துவிடலாம்.