முப்படிச் சமன்பாட்டில் விட்டுப்போகும் ஒரு பூஜ்ஜியம்

போன வாரம், சமன்பாட்டின் மூலம் (அதைச் சரியாக்கும் எக்ஸின் மதிப்பு) காணப் புதிதாகக் கற்கிற நான்கு பேருடைய நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். மூன்றில், நான் படிக்கிற காலத்தில் செய்த அதே தப்பு, அதே வரியில். குறி மாறிப்போவதை எல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அதை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இல்லாத உறுப்புக்கும் இடம் விடுங்கள்

எக்ஸ்³ − 7எக்ஸ் + 6 = 0. எக்ஸுக்கு 1 போட்டால் பூஜ்ஜியம் வருகிறது, ஆகவே 1 ஒரு மூலம். அப்புறம் தொகுமுறை வகுத்தல், அதாவது கெழுக்களை (எக்ஸின் படிகளுக்கு முன்னால் நிற்கும் எண்களையும் கடைசி மாறிலியையும்) மட்டும் வைத்து எக்ஸ் − 1 ஆல் வகுக்கும் குறுக்குவழி. கெழுக்களை 1, −7, 6 என்று எழுதி வகுத்தால் 1, −6, மீதி 0. மீதிதான் பூஜ்ஜியம் ஆகிவிட்டதே என்ற நிம்மதியில், ஈவு எக்ஸ் − 6, இன்னொரு மூலம் 6 என்று முடித்துவிடுகிறார்கள். 6-ஐப் போட்டுப் பாருங்கள்: 216 − 42 + 6 = 180.

எக்ஸ்² உறுப்பு இல்லையென்றால் அதன் கெழு 0, அதை எழுதியே ஆகவேண்டும். 1, 0, −7, 6 என்று எழுதி வகுத்தால் 1, 1, −6, மீதி 0. ஈவு எக்ஸ்² + எக்ஸ் − 6, மற்ற மூலங்கள் 2, −3.

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது தப்பான வழியிலும் வந்து நிற்கிற அந்த மீதி 0 தான். 1-ஐ வைத்து வகுக்கும்போது மீதி என்பது கெழுக்களின் கூட்டுத்தொகை, நடுவில் ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனாலும் கூட்டுத்தொகை மாறாது. 2-ஐ வைத்து அதே தப்பைச் செய்திருந்தால் மீதி −4 வந்து உடனே சந்தேகப்பட்டிருப்போம், ஆனால் எல்லோரும் முதலில் சோதித்துப் பார்ப்பது 1-ஐத்தானே. ஒரு தேர்வில் 1, 6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். முப்படிக்கு மூன்று மூலங்கள் வேண்டுமே, மூன்றாவது எங்கே என்று எண்ணிப் பார்க்கவில்லை, முழு மதிப்பெண்ணும் போயிற்று. ஒருமுறை வகுத்தால் படி ஒன்றுதான் குறையும். முப்படியை வகுத்து ஒருபடி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

எக்ஸால் வகுக்காதீர்கள்

எக்ஸ்³ = 4எக்ஸ் என்பதை எக்ஸால் வகுத்தால் 2, −2 மட்டும் மிஞ்சும், 0 தொலைந்துபோகும். பொதுக் காரணியாக வெளியே எடுங்கள்.

குறி மாறாத இடத்திலும் மூலம் இருக்கும்

எக்ஸ்³ − 3எக்ஸ் + 2 என்பதில் 0.9 போட்டால் 0.029, 1.1 போட்டால் 0.031. இரண்டுமே மிகை, ஆனால் நடுவில் இருக்கிற 1 இரட்டை மூலம், அதாவது எக்ஸ் − 1 இரண்டு முறை காரணியாக வருகிறது. வளைவரை அச்சைத் தொட்டுவிட்டு மேலே திரும்பிவிடுகிறது.

ஐந்தாம் படிக்குப் பொதுச் சூத்திரம் தேடாதீர்கள்

படிமூலங்களை (வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை) வைத்து அப்படி ஒன்று எழுத முடியாது என்று 1824-லேயே நார்வே கணிதவியலாளர் ஏபெல் நிறுவிவிட்டார்.

பாதியில் ரவுண்ட் செய்யாதீர்கள்

கெழு பின்னமாக வந்தால் கடைசிவரை பின்னமாகவே வைத்துக்கொள்ளுங்கள், படி கூடக் கூட இது முக்கியம். பிரிட்டிஷ் கணிதவியலாளர் வில்கின்சன் காட்டிய உதாரணத்தைப் பாருங்கள்: 1 முதல் 20 வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட இருபதாம் படிக் கோவையில் எக்ஸ்¹⁹-இன் கெழு −210. அதிலிருந்து சுமார் 0.00000012 குறைத்தால் போதும், இருபதில் பத்து மூலங்கள் மெய்யெண்களாக இல்லாமல் கலப்பெண்களாகிவிடுகின்றன.