டி.எஸ்.சி. கருவியில் பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் துண்டை ஸ்கேன் செய்ய

மாதிரியைச் சூடேற்றும்போது அது உறிஞ்சும், உமிழும் வெப்பத்தைக் காலிக் கிண்ணத்தோடு ஒப்பிட்டு அளப்பதுதான் டி.எஸ்.சி. முதலில், உருகுநிலை துல்லியமாகத் தெரிந்த இண்டியம் என்ற உலோகத்தை ஓட்டிப் பாருங்கள். உருகுதல் 156.6 டிகிரி செல்சியஸில் தொடங்க வேண்டும். உருகல் வெப்பம் கிராமுக்கு 28.5 ஜூல் அளவில் வர வேண்டும். விலகினால் அளவுத்திருத்தம் செய்துவிட்டுத்தான் மாதிரி.

பாட்டிலின் கழுத்தும் வயிறும் ஒரே வரைகோட்டைத் தராது. எங்கிருந்து வெட்டினீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். 5 முதல் 10 மில்லிகிராம் போதும். துண்டு தட்டையாக அலுமினியக் கிண்ணத்தின் அடியோடு ஒட்டிப் படுக்க வேண்டும். சுருண்டு நின்றால் வெப்பம் தாமதமாக ஏறும், உருகுமுகடு அகன்று வலப்பக்கம் நகரும். மூடியை அழுத்தியபின் கிண்ணத்தைக் கண்ணாடித் தகட்டில் வையுங்கள். ஆடினால் தூக்கிப் போட்டுவிடலாம். விரல் படக்கூடாது, இடுக்கிதான். ஒப்பீட்டுப் பக்கம் அதே வகைக் காலிக் கிண்ணம்.

நைட்ரஜன் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர். 30லிருந்து 290 டிகிரிக்கு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, 3 நிமிடம் நிறுத்தி, அதே வேகத்தில் இறக்கி, மறுபடி ஏற்றுங்கள்.

முதல் ஏற்றத்தில் 75 டிகிரியை ஒட்டி ஒரு படி (விறைப்பான பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் கண்ணாடிநிலை மாற்றம்), 250 அருகே உருகுமுகடு. கழுத்துத் துண்டானால் இடையில், 130 சுற்றுவட்டாரத்தில், படிகமாதல் முகடும் எழும். இரண்டாம் ஏற்றத்தில் அது மறைந்தால் பதற வேண்டாம்: இறக்கும்போதே படிகமாகிவிட்டது. 100ஐ ஒட்டி, உருகுமுகடு போகும் திசையிலேயே அகலமான வளைவு தெரிந்தால் பெரும்பாலும் ஈரம்தான்.

வெப்பம் உமிழ்வது மேலா கீழா என்று வரைபடத்தில் எழுதுங்கள். கருவிக்குக் கருவி இது மாறும். கடைசியில் கிண்ணத்தை மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்திருந்தால் ஈரமோ சிதைவில் உண்டான வாயுவோ வெளியேறியிருக்கிறது. கிராமுக்கான ஜூல் கணக்கை நம்ப முடியாது.