கரையோரக் கணவாய்த் தூண்டில்: ஜிக்கைத் தரையில் படுக்க விடாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் மாலையில் ராடும் ரீலுமாக வருபவர்கள் பெருகிவருகிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். முடிச்சு அவிழ்வது, காற்றுக்கு எதிரே வீசுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆழத்துக்குப் பொருந்தாத ஜிக்

புதியவர்கள் பெரும்பாலும் வாங்கி வருவது 3.5 எண் (அளவு) கொண்ட வழக்கமான ஜிக், அதாவது கொக்கி வைத்த இறால் வடிவப் பொய்யிரை. அது ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 வினாடி பிடிக்கும். ஜப்பானியத் துறைமுகச் சுவர்களில் எட்டு, பத்து மீட்டர் ஆழத்துக்கு அது சரி. இங்கே கரையோரத்தில் பல இடங்களில் ஆழம் இரண்டு மீட்டர்தான். அதிலும் அடியில் அரை மீட்டருக்குக் கடற்புல். மீதி ஒன்றரை மீட்டரை ஜிக் ஐந்து வினாடிக்குள் கடந்துவிடும். வீடியோவில் பார்த்தபடி பத்து வரை எண்ணிக்கொண்டு நின்றால் அது புல்லுக்குள் படுத்துவிடுகிறது. கணவாயோ பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் வந்து பற்றும். புல் சுற்றிய ஜிக்கை அது சீண்டாது.

புல் இல்லாத இடத்தில் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு. சென்ற பருவத்தில் ஓர் இளைஞர் கொண்டுவந்த ஜிக்குகள் அனைத்தையும் ஒரே மாலையில் பாரில் மாட்டி அறுத்தார். "இங்கே கணவாயே இல்லை அண்ணா" என்றார். மெதுவாக இறங்கும் 2.5 எண் ஜிக் ஒன்றைக் கொடுத்து, மூன்று எண்ணியதும் ராடை உயர்த்தச் சொன்னேன். இருட்டுவதற்குள் கணவாய் ஏறியது.

பணம் அவருடையது, போகட்டும். எனக்குப் பொறுக்காதது வேறு. அதே பாரில்தான் நம் ஊர்ப் பெண்கள் மூழ்கிக் கையால் பாசி எடுக்கிறார்கள். நீங்கள் அறுத்துவிட்ட ஜிக்கின் கொக்கிகள் அங்கேதான் நிமிர்ந்து நிற்கின்றன. "ஒரு ஜிக் போனால் என்ன" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆகவே, கரையோரத்துக்கு என்றே செய்யப்பட்ட, மீட்டருக்கு ஆறு வினாடி எடுக்கும் ஜிக்கை வாங்குங்கள். பகலில் ஒருமுறை வந்து மணல் எங்கே, பார் எங்கே என்று பார்த்துவையுங்கள். முதல் வீச்சு மணல் மேல் இருக்கட்டும். தரை தட்டும்வரை எண்ணுங்கள். அடுத்த வீச்சில் அதில் பாதி எண்ணியதுமே ராடை உயர்த்துங்கள்.

டிராக்கை இறுக்குவது

கணவாயின் இரண்டு நீண்ட கைகளும் எளிதில் அறுந்துவிடும். நூலை ரீல் இறுக்கிப் பிடிக்கும் அளவுதான் டிராக். அதைத் தளர்த்தி வையுங்கள்.

சுற்றுவதை நடுவில் நிறுத்துவது

மீன் தூண்டிலில் இருப்பதுபோல் ஜிக் கொக்கியில் எதிர்முள் கிடையாது. நூல் ஒரு கணம் தொய்ந்தாலும் கணவாய் கழன்றுவிடும். ராடைத் தாழ்த்தாமல் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள்.

உடனே தூக்குவது

கணவாய் தன் மையை நீரிலேயே பீய்ச்சி முடிக்கட்டும்.

தீவுப் பக்கம் போவது

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டித் தூண்டில் போடவே கூடாது.

முட்டை மேல் வீசுவது

ஜிக்கோடு விரல் வடிவத்தில் வெள்ளைக் கொத்து வந்தால் அது கணவாய் முட்டை. புல்லிலும் பாரிலும்தான் ஒட்டிவைக்கும். அதற்குமேல் அங்கே ஒரு வீச்சும் வேண்டாம், இடம் மாறுங்கள்.