இரண்டு பணிமூப்புப் பட்டியல்கள் ஒன்றாகும்போது உங்கள் எண்ணைப் படிப்பது எப்படி?

இரண்டு விமான நிறுவனங்கள் இணையப்போகின்றன என்ற அறிவிப்பு வந்த மறுநாள் விமானிகளிடையே எழும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று, "என் நம்பர் என்ன ஆகும்?" என்பதே அது. நம்பர் என்பது, பணிமூப்புப் பட்டியலில், அதாவது மூத்தவர் முதலாக விமானிகளை வரிசைப்படுத்திய பட்டியலில், ஒருவருக்குக் கிடைக்கும் இடம். எந்த விமானத்தில், எந்த இருக்கையில் பறப்பது, தீபாவளிக்கு விடுப்புக் கிடைக்குமா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவது என்பவற்றில் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறினாலும், பெரும்பாலும் அந்த எண்ணே பேசும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இளம் துணை விமானி ஒருவர், மஞ்சள் மையால் தம் பெயரைக் குறித்த தாளை இலைக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, "அண்ணே, 180இலிருந்து 240க்குத் தள்ளிட்டாங்க" என்றார். எதிரே இருந்த மூத்த கேப்டன் தாளைத் திரும்பியும் பார்க்காமல், "மொத்தம் எத்தனை பேர், தம்பி?" என்று கேட்டார். முன்பு 300 பேர், இப்போது 400 பேர். "300இல் 180, 400இல் 240. ரெண்டுமே நூற்றுக்கு அறுபதுதானே? உன்னை யாரும் தள்ளவில்லையே" என்றார் பெரியவர்.

பெரியவர் சொன்னது சரியான தொடக்கம். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அதே கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். முதல் நிறுவனத்தில் 300 விமானிகள் இருக்கிறார்கள்: பெரிய அகல உடல் விமானங்களில் 60 கேப்டன்கள், சிறிய விமானங்களில் 90 கேப்டன்கள், 150 துணை விமானிகள். இரண்டாவது நிறுவனம் 2012இல் தொடங்கியது. அதில் சிறிய விமானங்கள் மட்டுமே உண்டு, 50 கேப்டன்கள், 50 துணை விமானிகள். இணைந்த பின் கேப்டன் இருக்கைகள் 200. முதல் நிறுவனத்தில் 260 பேர் 2012க்கு முன்பே சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

வேலையில் சேர்ந்த தேதியின்படி வரிசைப்படுத்தினால், இரண்டாவது நிறுவனத்தின் தலைமைக் கேப்டனுக்கே 261ஆம் எண் கிடைக்கும். இருக்கைகள் 200 மட்டுமே இருப்பதால், இருப்பவர் பதவியைக் காக்கும் விதி எதுவும் இல்லையென்றால் அவர் அடுத்த பதவி ஒதுக்கீட்டுச் சுற்றிலேயே கேப்டனுக்குரிய இடது இருக்கையை இழப்பார். "நாங்கள் முன்பே வந்தவர்கள்" என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் முன்பு வைத்திருந்த வேலை, பின்பு இல்லாமல் போவதையும் அதே வாதம் செய்துவிடுகிறது.

விகித முறை வேறு. சுங்கை பீசி டோலைத் தாண்டியதும் வரிசைகள் குறுகும் இடத்தில் கார்கள் மாறி மாறி நுழைவதைப் போல, இந்தப் பட்டியலிலிருந்து மூன்று பேர், அந்தப் பட்டியலிலிருந்து ஒருவர் என்று கோப்பது. இதில் இரண்டாவது நிறுவனத்தின் முதல் ஆளுக்கு நான்காம் எண் கிடைத்துவிடும். அவர் நிறுவனத்தில் ஒருநாளும் இல்லாத அகல உடல் விமானத்தை அடுத்த ஆண்டே கேட்கும் தகுதி பெறுவார். அதனால்தான் பதவியையும் விமான வகையையும் சேர்த்துப் பார்க்கும் முறை வந்தது. அதன்படி 60 அகல உடல் கேப்டன்கள் முதலில் நிற்பார்கள், அடுத்து சிறிய விமானங்களின் கேப்டன்கள் ஒன்பதுக்கு ஐந்து என்று கலப்பார்கள், அதன் பின் துணை விமானிகள் மூன்றுக்கு ஒன்று என்று வருவார்கள். இப்போது அந்த முதல் ஆளின் எண் ஏறத்தாழ 62. நம் இளைஞருக்கோ இரண்டு முறைகளிலும் 240தான் வரும், ஏனெனில் இரு நிறுவனங்களிலும் பாதிப் பேர் கேப்டன்கள். சண்டை உச்சியில் நடக்கிறது, சத்தம் மட்டும் நடுவில் கேட்கிறது.

இனி, யாரும் முதல் நாளில் போடாத கணக்கு. பட்டியலை ஆண்டாண்டாக முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள். முதல் நிறுவனம் பழையது. ஆண்டுக்கு 12 மூத்தவர்கள் ஓய்வுபெறுகிறார்கள். இரண்டாவது இளையது, ஐந்து ஆண்டுகளில் நால்வர்தான் போவார்கள். புதிய விமானங்கள் எதுவும் வரவில்லையென்றால், நம் இளைஞர் தனித்திருந்தபோது முன்னால் 30 பேர் போனால் கேப்டன் ஆகியிருப்பார்: இரண்டரை ஆண்டுகள். இணைந்த பின் 40 பேர் போக வேண்டும்: மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். அவருக்கு இழப்பு சிறியது. ஆனால் இரண்டாவது நிறுவனத்தில் 60ஆம் இடத்தில் இருந்த துணை விமானியைப் பாருங்கள். அவர் தனித்திருந்தால் பத்துப் பேர் போகப் பன்னிரண்டரை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இப்போது அவருக்கும் மூன்று ஆண்டுகளே. ஒரே சதவிகிதம், ஒரே வரிசை, ஆனால் ஒருவருடைய காத்திருப்பு மற்றவருக்குப் பரிசாகப் போகிறது. மறு தரப்பார் உடனே "எங்களுக்கு வரவிருந்த புதிய விமானங்களை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பார்கள், அதுவும் நியாயமான கேள்விதான். உறுதியான ஆர்டர்களை மட்டும் கணக்கில் சேருங்கள், செய்தியாளர் கூட்டத்தில் சொன்ன கனவுகளைச் சேர்க்காதீர்கள்.

இந்தக் கணக்கில் ஓய்வு வயதை ஒரு முறையல்ல, இரண்டு முறை மாற்றிப் பாருங்கள். அமெரிக்கா 2007 டிசம்பரில் விமானிகளின் வயது வரம்பை 60இலிருந்து 65 ஆக உயர்த்தியபோது, அதற்கு முன் போட்ட பதவி உயர்வுக் கணக்குகள் ஐந்து ஆண்டுகள் வரை பின்தள்ளப்பட்டன.

ஆட்குறைப்பால் தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதே மிகக் கசப்பான கேள்வி. 2005இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. 2007இல் நடுவர் ஜார்ஜ் நிக்கலாவ் அளித்த தீர்ப்பில், பல ஆண்டுகள் சேவை இருந்தும் வேலையிழந்து வீட்டிலிருந்த கிழக்குப் பகுதி (யுஎஸ் ஏர்வேஸ்) விமானிகள், அண்மையில் சேர்ந்த மேற்குப் பகுதி (அமெரிக்கா வெஸ்ட்) விமானிகளுக்குக் கீழே வைக்கப்பட்டார்கள். எண்ணிக்கையில் அதிகமான கிழக்கு விமானிகள் அடுத்த ஆண்டு தங்கள் சங்கத்தையே வாக்களித்து மாற்றினார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் மறுபடியும் இணைந்த பிறகு, 2016இல்தான் எல்லோருக்கும் ஒரே பட்டியல் வந்தது. 2001இல் அமெரிக்கன் வாங்கிய டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தின் விமானிகளில் பெருந்தொகையினரை அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டியதும், அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் வேலையிழந்ததும், இணைப்பு நியாயமானதாகவும் சமநிலையானதாகவும் இருக்க வேண்டும் என்று 2007இல் அங்கே சட்டம் வரக் காரணமாயின. ஆகவே பட்டியலைப் பற்றிப் பேசப்போகும் உங்கள் குழு முதலில் கேட்க வேண்டியது முறையை அன்று, தேதியை: எந்த நாளின் நிலையைப் படம்பிடித்து வைத்துப் பேசப்போகிறோம்? அறிவிப்புக்குப் பின் அவசரமாகக் கொடுத்த பதவி உயர்வுகளும் புதிய நியமனங்களும் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கட்டும்.

மலேசியாவில் அமெரிக்காவைப் போன்ற தனிச் சட்டம் இல்லை. மேலும், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவு, குறிப்பிட்ட ஒருவரின் பதவி உயர்வு போன்றவற்றை நிர்வாகத்தின் உரிமையாக வைத்து, அவற்றைப் பற்றிப் பொதுவான கேள்விகளை எழுப்ப மட்டும் சங்கத்துக்கு இடம் தருகிறது. எனவே "இன்னாரை எனக்கு மேலே வைத்தது தவறு" என்று எழுதாமல், "இந்த நடைமுறை இந்தக் காரணத்தால் மாற வேண்டும்" என்று எழுதுங்கள். ஆட்குறைப்பு வேறு கதை. அங்கே கடைசியில் வந்தவர் முதலில் போவது என்ற கொள்கையைத் தொழிலியல் நீதிமன்றம் மதிக்கிறது. தக்க காரணம் காட்டி நிர்வாகம் விலகலாம். ஆகவே இணைந்த பட்டியல் பதவி உயர்வுக்கு மட்டுமா, ஆட்குறைப்புக்குமா, விடுப்புக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சம்பளப் படி பெரும்பாலும் சேவை ஆண்டுகளைச் சார்ந்தது. அதையும் பட்டியல் எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பட்டியலால் தீராத சிக்கலை வேலி தீர்க்கும். வேலி என்பது, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை இந்த விமான வகை இன்ன தரப்புக்கே என்ற ஒப்பந்த விதி. அதில் நம் கவனம் இன்றைய விமானங்களில் இருந்துவிடுகிறது. ஆனால் நாளைக்கு வரும் விமானம்தான் வெடிக்கும். 2007இல் இணைந்த ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இதற்குச் சாட்சி: புதிய போயிங் 787க்கான பயிற்சியை யாருக்குத் தருவது என்ற தகராறில் 2012இல் ஒரு தரப்பு விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலிக்கு முடிவுத் தேதியும், அதற்குள் வரும் புதிய வகைக்கு ஒரு வாக்கியமும் இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த வரியைச் சரிபாருங்கள். கேடட்டாக, அதாவது பயிற்சி விமானியாகச் சேர்ந்த தேதியா, பயிற்சி முடித்துத் துணை விமானியான தேதியா என்பதில் ஓராண்டுக்கு மேல் வித்தியாசம் வரலாம். ஒரே நாளில் சேர்ந்த வகுப்பில் வயதின்படி வரிசையா, தேர்வு மதிப்பெண்ணின்படியா என்பதும் இரு நிறுவனங்களில் இரு விதமாக இருக்கலாம். ஒரு பட்டியல் குழுவில் உட்கார்ந்தபோது, எழுதி வந்த முறையீடுகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட தேதித் தவறுகளாகவே இருந்ததைக் கண்டேன். ஆதாரக் கடிதம் இணைத்தவை ஒரு வாரத்தில் திருத்தப்பட்டன. நியமனக் கடிதத்தின் நகலை இணைத்து, ஆட்சேபக் காலம் முடியும் நாளுக்கு முன்பே எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள்.