வாரம் 5 முட்டை சாப்பிட்டும் வைட்டமின் டி ஏன் குறைகிறது? பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சத்துணவில் தினமும் முட்டை போடுகிறார்களே, என் பிள்ளைக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?" என்று கேட்கிற பெற்றோர் நிறைய பேர். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 2010 முதல் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை உண்டு. ஆனால் ஒரு முட்டையில் இருப்பது சுமார் 40 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 ஐ.யூ. முட்டையை மட்டும் நம்பினால் தினமும் 15 முட்டை வேண்டும். 2016–18இல் நாடு முழுவதும் நடந்த ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயது வரையுள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கும், 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 24 சதவீதம் பேருக்கும் இந்தக் குறைபாடு தெரிந்தது.

அந்த 40 ஐ.யூ.வும் எல்லாப் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போவதில்லை என்பதுதான் வருத்தம். சாப்பாடு முடிந்ததும் கை கழுவும் குழாயடியில் பாருங்கள்: வெள்ளைக்கரு காலியாகியிருக்கும், மஞ்சள் கரு உருண்டையாகவே கிடக்கும். முட்டையில் வைட்டமின் டி இருப்பதே மஞ்சள் கருவில்தான். அதிக நேரம் வெந்த கரு மாவு மாவாகித் தொண்டையை அடைக்கிறது, அதனால் துப்பிவிடுகிறார்கள். திட்டிப் பயனில்லை. சாம்பார் சாதத்தில் உதிர்த்துப் பிசைந்து கொடுத்தால் தெரியாமல் இறங்கிவிடும். மிளகு முட்டை, மசாலா முட்டை போடும் நாள்களில் மிச்சம் குறைவதற்கும் காரணம் இதுவே.

முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். நல்ல பழம், ஆனால் அதில் வைட்டமின் டி கிடையாது. கேழ்வரகு, முருங்கைக்கீரை விஷயத்திலும் இதே குழப்பம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; வைட்டமின் டி இல்லை. அதற்காகக் கேழ்வரகை நிறுத்திவிடாதீர்கள். எலும்புக்கு இரண்டுமே வேண்டும். சுண்ணாம்புச் சத்து போதாத பிள்ளைக்கு வெயில் பட்டும் கால் வளையலாம். செறிவூட்டப்பட்ட அரிசியில் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. வைட்டமின் டி சேர்ப்பது எண்ணெயிலும் பாலிலும். சத்து சேர்த்தது என்பதற்கு அடையாளமாகப் பாக்கெட்டில் '+எஃப்' முத்திரை இருக்கும். அதிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கிடைப்பது 25 ஐ.யூ. அளவுதான்.

மீதிக்கு வெயில்தான் வழி. பெரிய தவறு நடப்பதும் இங்கேதான். "காலை இளவெயில் நல்லது" என்று ஏழு மணிக்கே பிள்ளையை மாடியில் நிற்க வைக்கிறோம். தோலில் வைட்டமின் டி உருவாக, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் புறஊதா பி கதிர் வேண்டும். சூரியன் சாய்வாக இருக்கும்போது அந்தக் கதிர் தரைக்கு வருவது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரம்தான் பலன் தரும். நம் ஊரில் அது ஏறக்குறைய காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று வரை. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே விழும் வெயில் சுடும், ஆனால் அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். கையும் காலும் திறந்திருக்க 15, 20 நிமிடம் ஓடி விளையாடுவதை வழக்கமாக்குங்கள். கத்திரி வெயிலிலும் வெப்ப அலை எச்சரிக்கை உள்ள நாளிலும் உச்சிவேளையில் விடக்கூடாது. பத்து, பத்தரை மணியே போதும், தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

பார்க்கப்போனால் பள்ளி நேரத்தில் பெரும்பகுதி பலன் தரும் வெயில் நேரம்தான். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், சாப்பிட்டு முடித்த பிள்ளைகளை வகுப்புக்குள் உட்கார வைத்துவிடுகிறோம். மதிப்பெண்ணுக்காக எலும்பை விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மதிய உணவின் ருசியை மட்டும் கேட்காமல், பி.டி. பீரியட் நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

கடைசித் தவறு ஆபத்தானது. 60,000 ஐ.யூ. வைட்டமின் டி தூள் உள்ள சாஷேவை (சிறு பாக்கெட்) மருத்துவர் வாரம் ஒன்று என்று எழுதித் தருவார். வீட்டில் தினம் ஒன்று கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். அல்லது அக்கா பிள்ளைக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தங்கை பிள்ளைக்கும் வாங்குவார்கள். வைட்டமின் டி தண்ணீரில் கரைந்து வெளியேறாது, உடலில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தெரிந்தால் உடனே மருந்தை நிறுத்துங்கள். காலி சாஷேக்களையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். எத்தனை போயிருக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.