புளூபெர்ரி சாப்பிடத் தொடங்குபவர்களுக்கு: வாங்குவதிலிருந்து வாயில் போடுவது வரை

புளூபெர்ரி என்றதும் "சூப்பர் ஃபுட்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நல்ல பழம்தான், ஆனால் மருந்து இல்லை. பார்த்து வாங்கி, தோலோடு, அடிக்கடி சாப்பிட்டால் பலன் உண்டு.

படி 1: பார்த்து வாங்குங்கள்

டப்பாவை லேசாக ஆட்டிப் பாருங்கள். பழங்கள் தனித்தனியாக உருண்டால் சரி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவில்லை என்றால் உள்ளே நசுங்கியோ பூஞ்சை பிடித்தோ இருக்கலாம். டப்பாவின் அடியில் சாறு கசிந்த கறை இருந்தாலும் வேண்டாம். பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெளிறிய படலம் இருக்கும், அதைப் பார்த்து மருந்து அடித்திருக்கிறார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை; ஈரம் போகாமலிருக்கப் பழமே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகுதான் அது, அதிகம் கைபடாத பழத்தில் நன்றாகவே தெரியும். காம்புப் பக்கம் சிவப்பாக இருந்தால் முழுதாகப் பழுக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று வாங்காதீர்கள், பறித்த பிறகு மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு ஏறாது.

படி 2: கழுவாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்

ஈரம் பட்டால் சீக்கிரம் பூஞ்சை வரும். கெட்டதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு அப்படியே வையுங்கள், சாப்பிடும் முன் கழுவினால் போதும்.

படி 3: முதல் தடவை வெறும் பழமாகச் சாப்பிடுங்கள்

தயிர், ஓட்ஸ், ஸ்மூத்தி எல்லாம் அப்புறம். முதலில் நாலைந்தை மட்டும் வாயில் போடுங்கள். தோலில் லேசான துவர்ப்பு, உள்ளே இனிப்பான சாறு, ஒன்று தேனாக இருக்கும், அடுத்தது புளிக்கும். அடுத்தது எப்படியோ என்று கை தானாகப் போவதுதான் இந்தப் பழத்தின் ருசியே. உரிக்க வேண்டாம், கொட்டை எடுக்க வேண்டாம்.

ஒன்றைப் பாதியாகக் கடித்துப் பாருங்கள். தோட்டத்தில் பயிராகும் வகை என்றால் உள்ளே நீலம் இருக்காது, வெளிறிய பச்சைதான். நிறம் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. அதனால் வடிகட்டிய ஜூஸை விட முழுப் பழமே மேல், நார்ச்சத்தும் வீணாகாது.

படி 4: எவ்வளவு, எதற்காக?

100 கிராமில் சுமார் 57 கலோரி, 10 கிராம் சர்க்கரை, 2.4 கிராம் நார்ச்சத்து. மீதி பெரும்பாலும் தண்ணீர். வைட்டமின் கே, மாங்கனீஸ் கிடைக்கும். வைட்டமின் சி-க்காக இதை வாங்குவது வீண், ஆரஞ்சில் அது பல மடங்கு அதிகம்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வில், இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு ஆறு மாதம் தினமும் புளூபெர்ரிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கப், அதாவது 150 கிராம் பழத்துக்குச் சமமான அளவு எடுத்தவர்களுக்கு ரத்தக் குழாய்களின் செயல்பாடு மேம்பட்டது. அரை கப் எடுத்தவர்களுக்கு அப்படி இல்லை, இன்சுலின் விஷயத்தில் யாருக்கும் பெரிய மாற்றமும் இல்லை. என்னைக் கேட்டால், இந்தப் பழத்தின் அளவான பெருமை இதுதான். நினைவாற்றல், கண் பார்வை என்று நீளும் பட்டியலை இவ்வளவு உறுதியாக நம்ப மாட்டேன்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், இதில் வைட்டமின் கே இருப்பதால் திடீரென்று அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பழம் தொண்டையில் சிக்கலாம், நாலாக நறுக்கிக் கொடுங்கள்.

படி 5: மிச்சத்தை உறைய வையுங்கள்

கழுவினால் நன்றாகத் துடைத்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள், கல்லானதும் பையில் மாற்றிக்கொள்ளலாம். சத்து பெரிதாகக் குறையாது. கடையில் உறைந்த பழமாகவே வாங்கினாலும் தப்பில்லை, ஆனால் உலர்ந்தது வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். உறைந்த பழம் இளகினால் சாறு விடும், அதனால் கேக் மாவில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போட்டுவிடுங்கள். பேக்கிங் சோடா கூடினால் பழத்தைச் சுற்றிக் கேக் பச்சை நிறமாகத் தெரியும். கெட்டுப்போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.