கடை வாசலுக்கு ராம்ப், சமுதாயக் கூடத்துக்குக் கழிப்பறை: பணத்தை யாரிடம், எப்படிக் கேட்பது

சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே நுழைய முடியாத மெடிக்கல் ஷாப், படி ஏறினால்தான் போக முடியும் என்கிற படிப்பகம், கழிப்பறைக் கதவு ஒரு முழம் அகலமே இருக்கும் கல்யாண மண்டபம், எல்லா ஊரிலும் இருக்கின்றன. படி இருக்கும் இடத்தில் ராம்ப், அதாவது சாய்தளம் போட்டு இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கிற கடைக்காரர்களும் சங்க நிர்வாகிகளும் கூட நிறைய இருக்கிறார்கள். ஆனால் பணம் என்று வரும்போது பெரும்பாலும் தவறான கதவைத் தட்டுகிறார்கள். தனியார் கடைக்காரர் எம்.எல்.ஏ. நிதி கிடைக்குமா என்று அலைகிறார், ஊராட்சிக்குச் சொந்தமான கூடத்துக்கோ இளைஞர் மன்றம் வீடு வீடாக வசூல் செய்து முழுச் செலவையும் தானே சுமக்கிறது. இரண்டுமே தேவையில்லாத கஷ்டம்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். கட்டடம் யாருடையது, அதில் வரும் லாபம் யாருக்குப் போகிறது? தனியாருடையது என்றால் சொந்தப் பணம், கட்டட உரிமையாளர், வங்கிக் கடன், இந்த மூன்றுதான் வழி. பொதுச் சொத்து என்றால் ஊராட்சி, நகராட்சி, எம்.எல்.ஏ., எம்.பி., மக்களும் அரசும் செலவைப் பங்கிடும் நமக்கு நாமே திட்டம் என்று பெரிய கதவுகள் திறக்கும். பதிவு செய்த அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் இடம் என்றால் கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டிய சிஎஸ்ஆர் பணமும் நன்கொடையும்.

கேட்கப் போகும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தில் இரண்டு வரி எழுத உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டும் இல்லை, மக்கள் வந்து போகிற தனியார் வணிகக் கட்டடமும் அதில் அடக்கம். 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ராம்ப் கேட்பவர் சலுகை கேட்கவில்லை, சட்டம் ஏற்கெனவே சொன்னதைக் கேட்கிறார். கடிதத்தை அந்தத் தொனியிலேயே எழுதுங்கள், கெஞ்ச வேண்டாம்.

அளவு எடுக்காமல் பணம் கேட்காதீர்கள்

"ஒரு ராம்ப் வேண்டும்" என்று போனால் யாரும் பணம் தர மாட்டார்கள், தந்தாலும் கொத்தனார் பைக் ஏற்றுகிற செங்குத்துச் சரிவு ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். கணக்கு சுலபம்: வாசல் எத்தனை அங்குலம் உயரமோ அத்தனை அடி நீளம் வேண்டும். 6 அங்குலப் படி என்றால் 6 அடி, ஒன்றரை அடித் திண்ணை என்றால் 18 அடி. அகலம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி. கதவைத் திறந்தால் கிடைக்கிற வழி 900 மில்லிமீட்டர், 3 அடி. சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம், 5 அடி. கைப்பிடிக் கம்பி இரண்டு உயரத்தில், ஒன்று இரண்டரை அடியில், இன்னொன்று மூன்றடியில். ஓரத்தில் சின்னதாக ஒரு விளிம்பு எழுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சக்கரம் நழுவிவிடும். மேலே வழவழப்பான டைல்ஸ் ஒட்டவே கூடாது, நம் ஊர் மழையில் ஊன்றுகோலோடு வருகிறவர்தான் முதலில் விழுவார்.

ராம்ப் நடைபாதையிலோ மழைநீர் வடிகால் மேலோ நீண்டால் மாநகராட்சி ஒரு நாள் வந்து இடிக்கும், செலவு அத்தனையும் போய்விடும். வெளியே இடம் இல்லாத கடைகளுக்கு வெல்டிங் பட்டறையில் சொரசொரப்பான செக்கர்டு பிளேட்டில் செய்த கழற்றி மாட்டுகிற ராம்ப்தான் சரி. வாசலில் உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு காலிங் பெல் வைத்து, மணி அடித்தால் எடுத்துப் போடலாம். உயரம் ஓர் அடிக்கு மேல் என்றால் கழற்றி மாட்டுவது பாரமாகிவிடும், அப்போது உள்பக்கமாக வாசலை வெட்டி இறக்க முடியுமா என்று பாருங்கள்.

அளவு எடுக்கும்போது உங்கள் பகுதியில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையும் பார்வையில்லாத ஒருவரையும் கூப்பிட்டு இடத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சங்கங்களின் தொடர்பு கிடைக்கும். இஞ்சினியர் கண்ணுக்குப் படாதது அவர்களுக்கு உடனே தெரியும். அதோடு, இவர்கள் பார்த்துச் சொன்னார்கள் என்று மனுவில் ஒரு வரி இருந்தால் படிக்கிற அதிகாரிக்கு மறுப்பது கஷ்டம்.

இதிலேயே பட்டியல் இரண்டாகப் பிரிந்துவிடும். படி விளிம்பில் மஞ்சள் பட்டை, பெரிய எழுத்தில் விலைப்பட்டியல், நடுவழியில் கிடக்கும் ஸ்டூலையும் தண்ணீர் கேனையும் ஓரமாக நகர்த்துவது, கவுண்டரில் ஒரு பக்கத்தைத் தாழ்த்துவது, காது கேளாதவர்கள் ஆர்டர் சொல்ல ஒரு வாட்ஸ்அப் எண், இதற்கெல்லாம் யாரிடமும் போக வேண்டாம், இந்த வாரமே செய்யலாம். மிச்சம் இருக்கிற ராம்ப், கழிப்பறை, கதவு அகலப்படுத்துவது, இதற்குத்தான் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி வையுங்கள்.

தனியார் கடை என்றால்

அமெரிக்காவில் சிறு கடைக்காரர் இந்த மாதிரி வேலைக்குச் செலவு செய்தால் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வருமான வரியில் நேரடியாகக் கழித்துக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். வணிகர் சங்கங்கள் அரசிடம் கேட்க வேண்டிய கோரிக்கை இது என்பது என் உறுதியான எண்ணம், ஆனால் அது கிடைக்கும் வரை கடை வாசலைப் படியோடு விட்டு வைக்க முடியாது.

வாடகைக் கடை என்றால் உரிமையாளரிடம் போங்கள். நிலையான கட்டுமானம் அவருடைய சொத்துக்கே சேருகிறது, நீங்கள் காலி செய்த பிறகும் அவருக்குத்தான் பயன், அதனால் செலவில் பாதியை மாத வாடகையில் கழித்துக்கொள்கிறேன் என்று கேட்பதில் தவறே இல்லை. வயதான வாடிக்கையாளர்களுக்கும் வசதி, அடுத்து வருகிற வங்கிக்கோ கிளினிக்குக்கோ கடையை விடுவதும் சுலபம் என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம்தான் இதற்குத் தோதான நேரம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கழற்றுகிற ராம்ப் செய்யுங்கள், கடை மாறினால் கூடவே எடுத்துப் போகலாம்.

கடன் என்றால் முத்ரா, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். ஷிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை, அடமானம் கேட்கக் கூடாது. ராம்புக்கு மட்டும் என்று தனியாகக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் புரியாமல் பார்ப்பார். கடையைப் புதுப்பிக்க, ரேக் மாற்ற, ஃப்ரிட்ஜ் வாங்க எப்படியும் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் அதே மதிப்பீட்டில் இதையும் ஒரு வரியாகச் சேருங்கள். பெரிய செலவோடு போகும்போது இது சின்னத் தொகைதான். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது: மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும் மானியக் கடன் திட்டங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போதே கடை அமைப்புச் செலவில் ராம்பையும் அகலக் கதவையும் எழுதிவிடுங்கள். அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் புதிய தொழிலுக்கு மட்டும்தான், கடை திறந்த பிறகு யோசித்தால் அந்தக் கதவு மூடிவிடும். கடைக்காரரே மாற்றுத்திறனாளி என்றால் தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் கடனைப் பற்றிக் கூட்டுறவு வங்கியில் விசாரியுங்கள்.

பில் எல்லாவற்றையும் கடை பெயரில் வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். பழுதுபார்ப்பு என்று அந்த வருடமே கழிப்பதா, சொத்து என்று காட்டித் தேய்மானம் எடுப்பதா என்பதை அவர் வேலையைப் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், "மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வருகிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பொது இடம் என்றால்

ஊராட்சியின் சமுதாயக் கூடம், நூலகக் கட்டடம், பூங்கா, விளையாட்டுத் திடல் என்றால் கிராம சபைதான் தொடக்கம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அளவும் மதிப்பீடும் கையில் வைத்துக்கொண்டு போய்த் தீர்மானமாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள், பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மான நகல் வாங்க வேண்டும். அந்த நகல் இருந்தால் அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இது தனி ஆள் கேட்பது இல்லை, ஊர் கேட்பது என்று ஆகிவிடும். நகரத்தில் என்றால் வார்டு கவுன்சிலர்.

நான் முதலில் பரிந்துரைப்பது நமக்கு நாமே திட்டத்தைத்தான். வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பில் கட்டினால் மீதியை அரசு போடும். அதாவது ஒரு ரூபாய் திரட்டினால் மூன்று ரூபாய்க்கு வேலை நடக்கும். அந்த மக்கள் பங்கு ஒரே ஆளிடமிருந்தும் வரலாம், சங்கத்திடமிருந்தும் கம்பெனியிடமிருந்தும் வரலாம். வீடு வீடாக வசூல் செய்து முழுச் செலவையும் செய்து முடிக்கிற இளைஞர் மன்றங்கள் இதைத்தான் தவற விடுகின்றன. வேலை பொதுச் சொத்தில் நடக்க வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ நகராட்சிப் பொறியாளரிடமோ மதிப்பீடு போடச் சொல்லிக் கேளுங்கள்.

மக்கள் பங்கைத் திரட்ட நம்மிடம் பழைய வழி இருக்கிறது, உபயம். டியூப் லைட்டிலும் மின்விசிறி இறக்கையிலும் சிமென்ட் பெஞ்சிலும் பெயர் எழுதிக் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கிற ஊரில், அம்மா நினைவாக ஒரு ராம்ப், தாத்தா நினைவாக ஒரு கைப்பிடிக் கம்பி என்று கேட்டால் நிச்சயம் கொடுப்பார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். வேலையைப் பொருளாகப் பிரித்துத் தொகை போட்டுக் கேளுங்கள்: கைப்பிடிக் கம்பிக்கு இவ்வளவு, மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பைக்கு இவ்வளவு, பிடிமானக் கம்பிக்கு இவ்வளவு. சொந்த ஊரை விட்டு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பட்டியலைப் போட்டால் மொத்தமாக நிதி கேட்பதைவிட வேகமாகப் பணம் சேரும். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களிடமும் இப்படி ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

தொகை பெரிது என்றால் எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது, தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் வழிபாட்டுத் தலத்துக்குள் நடக்கும் வேலைக்கு எம்.பி. நிதியைக் கேட்க முடியாது, தனியார் வணிகக் கட்டடத்துக்கும் கேட்க முடியாது. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டால் புது வேலைக்கு அனுமதி நின்றுவிடும், தேதியைப் பார்த்து முன்கூட்டியே கொடுங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை நடத்தும் படிப்பகம், சிறப்புப் பள்ளி, கலை அரங்கம் என்றால் சிஎஸ்ஆர். 2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனியும் சிஎஸ்ஆர் வரம்புக்குள் வந்துவிடும், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தாக வேண்டும். அதனால் பெரிய பெயர்களையே துரத்தாதீர்கள், பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் நடுத்தரக் கம்பெனி உங்கள் கடிதத்தை உண்மையிலேயே படிக்கும். அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் வேண்டும். இல்லையென்றால் பதிவுள்ள வேறு அமைப்போடு சேர்ந்து கேளுங்கள். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் ஒரு முறை, மிச்சப் பணத்தைச் செலவு செய்ய அவசரப்படும் பிப்ரவரியில் ஒரு முறை கேட்பது நல்லது.

மனு இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். இந்த இடத்துக்கு யார் வருகிறார்கள், இப்போது யாரால் வர முடியவில்லை, வாசல் உயரம் எவ்வளவு, போட வேண்டிய வேலை என்ன, மதிப்பீடு எவ்வளவு, அதில் நாங்கள் போடுவது எவ்வளவு, உங்களிடம் கேட்பது எவ்வளவு. கூடவே டேப் வைத்து அளந்தபடி எடுத்த போட்டோ. "நாங்கள் போடுவது" என்கிற வரி காலியாக இருக்கக் கூடாது, சிறு தொகையாக இருந்தாலும் எழுதுங்கள்.

பராமரிப்புக்கு முதலிலேயே ஒரு தொகை ஒதுக்குங்கள், இதை யாரும் செய்வதில்லை. சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போவதற்காகச் சுமார் 1.14 கோடி ரூபாயில் போட்ட மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது, டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே மாண்டஸ் புயலில் சேதமானது. அதைச் சரிசெய்ய மாநகராட்சி இருந்தது, உங்கள் படிப்பகத்துக்கு யார் இருக்கிறார்கள்? இரும்பு துருப்பிடிக்கும், கழிப்பறைப் பிடிமானம் ஆட்டம் காணும், மாற்றுத்திறனாளி கழிப்பறை துடைப்பமும் பழைய நாற்காலியும் போடும் அறையாக மாறும், ராம்ப் மேல் பைக் நிற்கும். மண்டபம் என்றால் ஒவ்வொரு வாடகையிலும் சின்னத் தொகையை இதற்கென்று எடுத்து வைக்கலாம், சாவி யாரிடம், யார் பார்த்துக்கொள்வது என்று நிர்வாகக் குழுக் குறிப்பேட்டில் பெயர் எழுதுங்கள்.

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அளவு எடுத்த அன்று வந்த அதே சக்கர நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு யாரும் தள்ளாமல் ஏறி இறங்கச் சொல்லுங்கள், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.